வேலூர் மறைமாவட்டத்தில் கோயில் கல்யாணம்: பங்குத்தந்தையைப் பார்ப்பதிலிருந்து பதிவுச் சான்று வாங்குவது வரை

எங்கள் பக்கத்தில் பல கத்தோலிக்கக் குடும்பங்கள் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகை மாதிரியும் பார்த்த பிறகுதான் பங்குச் சாமியாரை (தங்கள் பகுதிக் கோயிலுக்குப் பொறுப்பான பங்குத்தந்தையை) பார்க்க வருகிறார்கள். "ஞானஸ்நானம் எந்த ஊரில்? உறுதிபூசுதல் ஆயிற்றா? மாப்பிள்ளை உங்களுக்கு என்ன முறை?" என்று அவர் கேட்கத் தொடங்கியதும் முகம் வாடிவிடுகிறது. (உறுதிபூசுதல் என்பது ஞானஸ்நானத்துக்கு அடுத்து, விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருட்சாதனம்.) பங்கு அலுவலகத்தில் இந்த வேலைகளுக்கு உதவியாக நிற்பவன் நான். நான் பார்த்தவரை, கல்யாணம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேலைகளை முன்பின்னாகச் செய்வதுதான். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன்.

இருவரும் கத்தோலிக்கர், உறவு கிடையாது, சான்றுகள் பக்கத்து ஊர்களிலேயே கிடைக்கும் என்றால் 3 மாதம் போதும். உறவுக்குள் கல்யாணம், வேறு சபை, வேறு மதம், வெளிமாநிலப் பங்கு என்று ஏதாவது ஒன்று இருந்தால் 6 மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

1. உங்கள் பங்கு எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கல்யாண வேலை எல்லாம் பங்கு வழியாகத்தான் நடக்கும். பேராலயத்துக்கோ ஆயர் (பிஷப்) இல்லத்துக்கோ நேரே போனாலும் "உங்கள் பங்குத்தந்தையின் கடிதம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். உங்களை யார் என்று தெரிந்து சான்று சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் இந்த ஏற்பாடு.

ஞாயிறு பூசைக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்பது பங்கைத் தீர்மானிக்காது. வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதுவே உங்கள் பங்கு. காட்பாடியில் குடியிருந்துகொண்டு வழக்கமாக வேலூர் பேராலயத்தில் பூசை காண்பவருக்கும் காட்பாடிப் பக்கத்துப் பங்குதான் சொந்தப் பங்கு. கிராமங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் கோயில் இருக்கும், ஆனால் அது கிளைக் கோயில். பதிவேடு தாய்ப்பங்கில்தான் இருக்கும். உபதேசியாரைக் (கிளைக் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருப்பவரை) கேட்டால் சொல்லிவிடுவார்.

அரசு மாவட்டத்தையும் மறைமாவட்டத்தையும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியையும்) ஒன்றாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மறைமாவட்டம் அப்படிப் பிரியவில்லை. ஆம்பூர்க்காரருக்கும் ஆரணிக்காரருக்கும் சேத்துப்பட்டுக்காரருக்கும் வேலூர் ஆயர்தான். சம்பந்தி வீடு சித்தூர் என்றால் அது கடப்பை மறைமாவட்டம், கிருஷ்ணகிரி என்றால் தருமபுரி, காஞ்சிபுரம் என்றால் செங்கல்பட்டு, விழுப்புரம் என்றால் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம். எல்லை தாண்டினால் கடிதப் போக்குவரத்துக்குக் கூடுதலாக நாள் பிடிக்கும்.

"வேலூர் டயோசிஸ்" என்ற பெயரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பேராயமும் இருக்கிறது. அது தனித் திருச்சபை. சி.எம்.சி. மருத்துவமனையும் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குச் சொந்தமானது அல்ல. சான்றிதழ் தேடி அங்கே இங்கே அலையாமல், ஞானஸ்நானம் எந்தச் சபைக் கோயிலில் நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

2. தேதி குறிக்கும் முன் சாமியாரைப் பாருங்கள்

நிச்சயம் ஆனதும், முடிந்தால் அதற்கு முன்பே, பெண் வீட்டார் அவர்கள் பங்கிலும் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்கிலும் போய்ச் சொல்லுங்கள். கல்யாணம் ஒரு கோயிலில்தான் நடக்கும் என்றாலும் தாள் வேலை இரண்டு பங்கிலும் உண்டு.

போகும்போது பெற்றோரோடு மணமக்களும் போக வேண்டும். மணமகன் பெங்களூரில் வேலை, லீவு இல்லை என்று அப்பா மட்டும் வந்து நின்றால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. பங்குக் குடும்ப அட்டை, இருவரின் ஆதார் நகல், வயதுச் சான்று ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் சாமியாரின் நாட்காட்டி உங்கள் நாட்காட்டியைப் போல இருக்காது. தவக்காலத்திலும் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) திருவருகைக்காலத்திலும் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) இங்கே கல்யாணம் வைப்பதை வழக்கமாகத் தவிர்க்கிறோம். பெரிய வெள்ளியும் புனித சனியும் அறவே கூடாது. பங்குத் திருவிழா, கொடியேற்ற நாட்கள், உறுதிபூசுதலுக்கு ஆயர் வரும் நாள் ஆகியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். தவக்காலத் தொடக்கம் ஆண்டுக்காண்டு மாறும். போன வருஷக் கணக்கை வைத்துப் பிப்ரவரி கடைசியில் மண்டபம் பிடித்துவிட்டுத் திண்டாடும் குடும்பங்கள் உண்டு.

இந்தச் சந்திப்பில் ஒரு உத்தேசத் தேதி மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். கீழே 3 முதல் 6 வரை உள்ளவை தெளிவான பிறகுதான் மண்டபத்துக்கு முன்பணம்.

3. ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள்

ஆட்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். புதுநன்மைக்காக (முதல் நற்கருணைக்காக) எடுத்த, ஓரம் மடங்கிய பழைய சான்றிதழைக் கொண்டுவந்து "இதோ இருக்கிறதே சாமி" என்பார்கள். அது செல்லாது. வழக்கமாகக் கடைசி 6 மாதத்துக்குள் எடுத்த நகல்தான் வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஒருவருக்கு உறுதிபூசுதல் நடந்தால், கல்யாணம் நடந்தால், குருப்பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ ஆனால், அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிக்கப்படும். எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும் தகவல் அந்த ஏட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆக, இன்று எடுத்த நகலில் எதிர்க்குறிப்பு எதுவும் இல்லை என்றால் இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பதற்கு அது ஓர் ஆதாரம். பத்து வருஷத்துக்கு முந்தைய தாளால் அந்த உறுதியைத் தர முடியாது. உங்கள் மகளைக் காப்பதற்குத்தான் இந்தக் கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டால் அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

சான்று, ஞானஸ்நானம் நடந்த பங்கில்தான் கிடைக்கும். இப்போது குடியிருக்கும் பங்கில் கேட்டுப் பயனில்லை. கேட்கப் போகும்போது பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஞானத்தாய் ஞானத்தந்தை பெயர், ஞானஸ்நானம் நடந்த வருஷம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் போங்கள். தேதி தெரியாமல் போனால் அலுவலகத்தில் இருப்பவர் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பங்கு பிரிந்த ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு கிராமம் இன்று தனிப் பங்காக இருக்கலாம். நீங்கள் பிறந்த காலத்தில் அது வேறொரு பங்கின் கிளையாக இருந்திருந்தால் ஏடு அந்தப் பழைய தாய்ப்பங்கிலேயே இருக்கும். சேத்துப்பட்டு போன்ற பழைய பங்குகளைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இரண்டு இடத்திலும் கேட்பது நல்லது.

பெயர் வேறுபாடு அடுத்த தொல்லை. ஏட்டில் அந்தோணியம்மாள், ஆதாரில் கவிதா. ஏட்டில் சூசைராஜ், பள்ளிச் சான்றிதழில் ராஜா. இரண்டும் ஒருவரே என்பதை முதல் சந்திப்பிலேயே சாமியாரிடம் சொல்லி, கல்யாண ஏட்டில் இரண்டு பெயரும் இடம்பெறுமா என்று கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகமும் பாஸ்போர்ட் அலுவலகமும் ஆதார்ப் பெயரைத்தான் பார்க்கும். கல்யாணம் முடிந்த பிறகு ஏட்டைத் திருத்துவது எளிதல்ல.

ஏடு கிழிந்துவிட்டது, பெயரே இல்லை என்றால் பதற வேண்டாம். ஞானஸ்நானத்தின்போது உடனிருந்த நம்பகமான ஒருவரின் சாட்சியம் போதும் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஞானத்தாயோ தாய்மாமனோ பங்குத்தந்தை முன்னால் எழுதிக் கொடுப்பார்கள்.

உறுதிபூசுதல் பெறாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். பெரிய சிரமம் இல்லையென்றால் திருமணத்துக்கு முன் அதைப் பெற வேண்டும் என்பது முறை. கடைசி வாரத்தில் சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

கேரளத்திலிருந்து வந்து வேலூரில் வேலை பார்க்கும் சீரோ மலபார் கத்தோலிக்கரைத் திருமணம் செய்தால் அது கலப்புத் திருமணம் அல்ல. அவர்களும் கத்தோலிக்கரே. ஆனால் சான்று அவர்கள் வழிபாட்டு முறையின் பங்கிலிருந்து வர வேண்டும். திருமணத்தை ஆசீர்வதிப்பவர் குருவாக இருக்க வேண்டும். திருத்தொண்டர் (டீக்கன்) நடத்தி வைக்க முடியாது.

4. உறவுமுறையைக் கணக்குப் போடுங்கள்

வட ஆற்காட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று முறைப்பெண் முறைமாப்பிள்ளை கட்டுவது சாதாரணம். திருச்சபைச் சட்டம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. பக்கவழி இரத்த உறவில் (ஒருவர் மற்றவரின் நேர் வாரிசாக இல்லாமல், பொதுவான மூதாதையர் வழியாக வரும் உறவில்) நான்காம் படி வரை திருமணத் தடை. விதிவிலக்கு இல்லாமல் நடத்தினால் அந்தத் திருமணம் செல்லாது (1091-ஆம் சட்டம்).

படியை எண்ணுவது எப்படி? இருவருக்கும் பொதுவான மூதாதையரைக் கண்டுபிடியுங்கள். அவரை விட்டுவிட்டு, இரண்டு கிளையிலும் உள்ள ஆட்களை எண்ணிக் கூட்டுங்கள்.

மாமன் மகளும் அத்தை மகனும்: பொதுவானவர்கள் தாத்தா பாட்டி. ஒரு பக்கம் மாமன், அவர் மகள் என்று 2. மறுபக்கம் அத்தை, அவர் மகன் என்று 2. கூட்டினால் 4. தடை உண்டு.

தாய்மாமனும் அக்கா மகளும்: பொதுவானவர்கள் மாமனின் பெற்றோர். ஒரு பக்கம் மாமன் 1. மறுபக்கம் அக்கா, அவர் மகள் என்று 2. மொத்தம் 3. தடை உண்டு, உறவும் இன்னும் நெருக்கம்.

இரண்டு பேரின் தாத்தாக்களும் அண்ணன் தம்பி என்றால் பக்கத்துக்கு 3, மொத்தம் 6. தடை இல்லை. அப்பாவின் மாமன் மகள் போன்ற உறவு 5-இல் வரும். அதற்கும் தடை இல்லை.

தடை இருந்தால் பங்குத்தந்தை வழியாக ஆயருக்கு விண்ணப்பம் போக வேண்டும். அதில் காரணம் எழுத வேண்டும். "சொந்தத்துக்குள்ளே கொடுத்தால் சொத்து வெளியே போகாது" என்பது காரணமாக எடுபடாது. விண்ணப்பித்தாலே அனுமதி வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஆயர் பார்த்துத்தான் முடிவெடுப்பார். கடிதம் கைக்கு வரும் வரை தாம்பூலம் மாற்றாமல் இருப்பதுதான் பெண்ணுக்கு நல்லது. மாற்றிய பிறகு அனுமதி இல்லை என்றால் ஊர்ப் பேச்சைச் சுமக்க வேண்டியவள் அவள்தான்.

உறவைச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று சில பெரியவர்கள் ஆலோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓலை வாசிக்கும்போது (கல்யாண அறிவிப்பைப் பூசையில் படிக்கும்போது) ஊரில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டாலும் திருமணம் செல்லாததாகிவிடும்.

மனைவி இறந்தவர் கொழுந்தியைக் கட்டுவதில் இந்தத் தடை இல்லை. அது இரத்த உறவு அல்ல. திருமணத்தால் வரும் உறவில் நேர்வழி (மாமியார்-மருமகன் போன்றது) மட்டுமே தடை.

5. ஒருவர் கத்தோலிக்கர் இல்லை என்றால்

இங்கே இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான விண்ணப்பம் போய்த் திரும்பி வரும்.

மற்றவர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது முதல் வகை. சி.எஸ்.ஐ. குடும்பங்கள், ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள், திருவண்ணாமலைப் பக்கத்து ஆற்காடு லுத்தரன் திருச்சபையார் இதில் வருவார்கள். தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கல்யாணத்துக்கு ஆயரின் அனுமதி மட்டும் வேண்டும். அவர்கள் சபைப் போதகரிடமிருந்து ஞானஸ்நானச் சான்றும், திருமணம் ஆகாதவர் என்ற கடிதமும் வாங்கி வாருங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் கொஞ்சம் கவனம் தேவை. சில சபைகள் இயேசுவின் பெயரால் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கின்றன. அது ஏற்கப்படாது. எந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பங்குத்தந்தை கேட்பது அதனால்தான். இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது. ஆக அவர்கள் இரண்டாம் வகையில் வருவார்கள்.

இரண்டாம் வகையில் மற்றவர் ஞானஸ்நானம் பெறாதவர். இந்து, இஸ்லாமியர், சமணர் யாராக இருந்தாலும் சரி. இங்கே தடையே இருக்கிறது. எனவே அனுமதிக் கடிதம் போதாது, ஆயர் தரும் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் கோயிலில் நடந்தாலும் திருமணம் செல்லாது.

இரண்டு வகையிலும் கத்தோலிக்கர் ஒரு வாக்குறுதியில் கையெழுத்திட வேண்டும்: என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன். மற்றவர் கையெழுத்துப் போடத் தேவையில்லை, ஆனால் இந்த வாக்குறுதி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயவுசெய்து இதை நிச்சயத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஆயர் இல்லத்துக்குப் போகும் வழியில் பேருந்தில் வைத்துச் சொல்லும் விஷயம் அல்ல. முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் இரண்டு வீடும் முறைத்துக்கொள்வதற்கு இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு ஞானஸ்நானம் கொடுத்திடுங்க சாமி, முடிஞ்சிடும்" என்று கேட்பவர்கள் நிறைய. திருமணத்துக்காக மதம் மாற வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை. விதிவிலக்கோடு இந்துவாகவே இருந்து மணந்துகொள்ளலாம். உண்மையிலேயே விசுவாசம் ஏற்க விரும்புகிறவருக்குத் தனியாகத் தயாரிப்புக் காலம் உண்டு. அது மாதக்கணக்கில் போகும். மாமியார் மனம் குளிர வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் தலையில் தண்ணீர் ஊற்றுவது அவளுக்கும் மரியாதை இல்லை, அருட்சாதனத்துக்கும் மரியாதை இல்லை.

சடங்கு எப்படி இருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஞானஸ்நானம் பெறாதவரோடு நடக்கும் திருமணத்தில் திருப்பலி இருக்காது. இறைவார்த்தை வழிபாடும் திருமணச் சடங்கும் மட்டும் நடக்கும். உறவினர்கள் "பூசை ஏன் இல்லை?" என்று கோயிலில் நின்று கேட்காதபடி முன்பே சொல்லி வையுங்கள்.

காலையில் கோயிலில் ஒரு தாலி, மறுநாள் அவர்கள் முறைப்படி மண்டபத்தில் இன்னொரு தாலி என்ற ஏற்பாடு கூடாது. சம்மதம் ஒரு முறைதான். இன்னொரு மதச் சடங்கில் அதைத் திரும்பச் சொல்வதைச் சட்டம் தடுக்கிறது. வரவேற்பு, விருந்து, பெரியவர்கள் ஆசீர்வாதம் ஆகியவற்றுக்குத் தடை இல்லை.

6. முன்பு ஒரு திருமணம் நடந்திருந்தால்

துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றும் பழைய திருமணச் சான்றும் கொண்டுவந்தால் போதும்.

நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கியவர்களுக்கு அந்தத் தீர்ப்பு மட்டும் போதாது. முதல் திருமணம் செல்லாதது என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அந்தத் தீர்ப்பு வரும் முன் எந்தத் தேதியும் குறிக்க வேண்டாம்.

வெளியே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, இப்போது கோயிலில் செய்ய விரும்பும் தம்பதியர் கூச்சப்படாமல் வாருங்கள். பிள்ளைகள் பிறந்திருந்தாலும் சரி. பதிவுச் சான்றையும் ஞானஸ்நானச் சான்றையும் எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையைப் பார்த்தால், கூட்டம் சேர்க்காமல் எளிமையாக முறைப்படுத்தி வைப்பார்.

7. தயாரிப்பு வகுப்பு

இருவரும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும். வகுப்பு எந்த நாட்களில் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஒரு தடவை தவறினால் அடுத்த தடவை வரை காத்திருக்க வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் அங்கேயே முடித்துச் சான்று கொண்டுவரலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. திருமண விசாரணை

பங்குத்தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக அழைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வார். சுதந்திரமாகச் சம்மதிக்கிறீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா, முன்பு திருமணம் நடந்ததா, உறவு உண்டா, வாழ்நாள் முழுவதும் என்பதை ஏற்கிறீர்களா, பிள்ளைகளை ஏற்பீர்களா என்பவை அதில் இருக்கும்.

தகப்பனாரோ அண்ணனோ கதவருகே நிற்க வேண்டாம். பெண் தன் வாயால், பயமில்லாமல் "இல்லை" என்று சொல்லக்கூடிய ஒரே இடம் சில சமயம் இதுதான். வற்புறுத்தலால் நடக்கும் திருமணம் செல்லாது என்பதால்தான் தனியாகக் கேட்கிறார்கள். மணப்பெண்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன்: மனதில் உறுத்தல் இருந்தால் இங்கே சொல்லுங்கள். மண்டபப் பணம் போனால் போகட்டும்.

நோய், கடன், மறைத்த முன்கதை இருந்தால் அதையும் துணையிடம் இதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சம்மதம் வாங்குவதற்காகப் பெரிய விஷயத்தை ஏமாற்றி மறைத்தால் பின்னால் அந்தத் திருமணமே கேள்விக்குள்ளாகும்.

9. ஓலை வாசித்தல்

இரண்டு பங்கிலும் வழக்கமாக 3 ஞாயிறு பூசையில் இருவரின் பெயரையும் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம் வெளியே இருந்தவர் என்றால், இருந்த ஊர்ப் பங்கிலிருந்தும் கடிதம் கேட்கலாம். படையில் இருக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்கள் லீவுக்கு வரும் முன்பே தொலைபேசியில் தொடங்கிவிடுவது நல்லது. லீவு 30 நாள் என்றால் ஓலைக்கே 3 வாரம் போய்விடும்.

கல்யாணம் பெண்ணின் பங்கில் என்றால், மாப்பிள்ளையின் பங்கிலிருந்து "ஓலை வாசித்தாயிற்று, தடை இல்லை" என்ற கடிதம் வர வேண்டும். அதை உறையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பிரிக்காமல் அப்படியே ஒப்படையுங்கள். இது கைக்கு வராமல் கல்யாண நாளைக்கு முந்தின இரவு இருசக்கர வாகனத்தில் ஊருக்கு ஆள் அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. மூன்றாம் ஓலை முடிந்த மறுநாளே வாங்கிவிடுங்கள்.

10. கோயில், நேரம், காணிக்கை

இருவரில் ஒருவரின் பங்கில் செய்யலாம். வேறு கோயிலில் ஆசை என்றால் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். இரண்டு கிறிஸ்தவர்களின் திருமணத்தை மண்டபத்தில் நடத்தக் கேட்காதீர்கள். அது கோயிலில் நடக்க வேண்டியது.

வெளியிலிருந்து உறவுக்காரச் சாமியார் வந்து நடத்துவதாக இருந்தால் பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லுங்கள். பங்குத்தந்தை வெளிப்படையாக அதிகாரம் கொடுக்காமல் வேறொரு குரு நடத்தினால் திருமணத்தின் செல்லுபடியே சந்தேகமாகிவிடும்.

காணிக்கை எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேட்டு ரசீது வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம். ஏழ்மையைக் காரணம் காட்டி அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

11. கல்யாண நாள்

இரண்டு சாட்சிகள் வேண்டும். சடங்கை நேரில் பார்த்துப் பிறகு ஏட்டில் கையெழுத்திடும் ஆட்களாக இருக்கட்டும். சாட்சிகளை வாசலில் பந்தி வரவேற்புக்கு நிறுத்திவிட்டுக் கடைசியில் தேடாதீர்கள்.

முதல் நாளோ அன்று காலையோ இருவரும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துகொள்ளுங்கள்.

திருமணத்தை ஆக்குவது இருவரும் வாய்திறந்து சொல்லும் சம்மதம். தாலியும் மோதிரமும் அதற்கு அப்புறம் வருபவை. எனவே சம்மத வார்த்தைகளை வீட்டில் படித்துப் பழகி, சாட்சிகளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். புகைப்படக்காரர் பீடத்துக்கும் மணமக்களுக்கும் நடுவே வந்து நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாசகம் படிப்பவர்களை முந்தின மாலை ஒலிபெருக்கி முன் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு கோயிலுக்குள் வேண்டாம்.

12. கையெழுத்தும் பதிவும்

கோயிலை விட்டுக் கிளம்பும் முன் திருமண ஏட்டில் இருவரின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, எழுத்துக்கூட்டல் எல்லாம் சரிதானா என்று ஒரு நிதானமான ஆள் படித்துப் பார்க்க வேண்டும். மணமக்களுக்கு அந்த நேரத்தில் கண் தெரியாது. சித்தப்பாவையோ படித்த தங்கையையோ இந்த வேலைக்கு முன்பே நியமித்துவிடுங்கள்.

கோயில் திருமணம் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி செல்லுபடியாகும். ஆனாலும் 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத் திருமணங்களையும் பதியச் சொல்கிறது. கல்யாணத்திலிருந்து 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாட்களுக்குள் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். கோயில் சான்றிதழ், பத்திரிகை, இருவரின் வயது மற்றும் முகவரிச் சான்று, படங்கள், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துப் போங்கள். விருந்து முடிந்த வாரத்திலேயே கோயில் சான்றிதழை வாங்கிவிட்டால், மாப்பிள்ளை வெளிநாட்டுக்குப் பறந்த பிறகு திண்டாட வேண்டியிருக்காது.

திருமணம் நடந்த பங்கிலிருந்து இருவரின் ஞானஸ்நானப் பங்குக்கும் தகவல் போக வேண்டும். அனுப்பியாயிற்றா என்று ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பெண் புதுப் பங்குக்குக் குடிபோனால் அங்கே குடும்ப அட்டையில் பெயர் சேர்த்து, எந்த அன்பியம் (பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) என்று தெரிந்துகொள்ளட்டும். பழைய பங்கின் அட்டையிலிருந்து பெயரை நீக்கிய கடிதத்தையும் கூடவே கொண்டுபோனால் ஒரே ஞாயிற்றில் வேலை முடியும்.